ஆணியில் தொங்கிய என் எண்

உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் செத்தவர்களின் வரிசையில் சேர்த்தவன் நான். அப்படிச் செய்ய நினைக்கவில்லை. ஆனால் ஒரு பொருளைத் திருடினேன். திருடுகிறேன் என்று தெரிந்தே திருடினேன். அதனால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று காதில் விழுந்த பிறகும் பல மாதம் பேசாமல் இருந்தேன். திருடியதைவிட, அப்படிப் பேசாமல் இருந்ததை நினைத்துத்தான் இந்த வயதில் அதிகமாகக் கூசுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஹைதராபாத்தில் மத்திய அரசின் ஒரு பெரிய தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் அதிகாரியாக இருந்தேன். திருமுல்கேரியில் வீடு. எங்கள் தொழிற்சாலையில் ஒருவனுக்குப் பெயரைவிட ஸ்டாஃப் நம்பர்தான் முக்கியம். வாசலில் கார்டு பஞ்ச் செய்ய நம்பர், கேன்டீனில் நம்பர், கூட்டுறவுப் பண்டகசாலையில் சர்க்கரை வாங்க நம்பர், ஆஸ்பத்திரிச் சீட்டின் தலையில் நம்பர். என் பிறந்த நாளை மறந்துவிடுகிற என் மனைவிக்கு என் நம்பர் மறக்காது. பண்டகசாலைக்காரர் அவளை "செவன் ஒன் ஃபோர் அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவளும் திரும்பிப் பார்ப்பாள். இருபது வருடம் இப்படி வாழ்ந்தவனுக்கு அந்த எண் சட்டைப் பையில் இருக்கிற அட்டை அல்ல. அது அவனேதான்.

அந்த ஆண்டு தசராவுக்குச் சில வாரங்கள் முன்னால், எங்கள் மனமகிழ் மன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஏற்பாடு செய்தது. கம்மம் பக்கத்தில், கரி எடுத்துத் தீர்ந்து சுரங்கங்களை மூடிவிட்ட ஒரு பழைய ஊர். எனக்குப் போக மனமே இல்லை. அதற்கு முந்தைய வாரம், இருமல் விடாமல் இருந்ததால் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இங்கே ஒரு நிழல் மாதிரி இருக்கு, இன்னொரு படம் எடுத்திருக்கோமே, அதைப் பார்த்துட்டுத் திங்கட்கிழமை சொல்றேன்" என்றார். என் அப்பா நெஞ்சு நோயில் இறந்தபோது அவருக்கு ஏறக்குறைய என் வயது. வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்தே மனைவி கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் பஸ்ஸில் ஏறினேன்.

ஊரில் பார்க்க நிறைய வைத்திருந்தார்கள். துரைமார் கட்டிய சிறிய தேவாலயம், கப்பலில் வந்த நீராவிக் கொதிகலன், கூரை போன வரிசை வீடுகள், செங்கல் வைத்து அடைத்த சுரங்க வாய்கள். தேவாலயத்தின் பின்னால் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். மற்றவர்கள் கல்லில் இருந்த பெயர்களைப் படித்தார்கள். நான் வயதை மட்டும் படித்துக்கொண்டு போனேன். முக்கால்வாசிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள்.

கடைசியாக விளக்கு அறை. சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு கொடுத்து வாங்கிய இடம். ஓய்வு பெற்ற தொழிலாளர் ஒருவர் சாவி வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு அவரே திறந்து காட்டுவார். நான் போவதற்குள் அவர் தெலுங்கில் விளக்கம் சொல்லி முடித்திருந்தார். சுவர் முழுக்க ஒரு கறுப்புப் பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் கீழே வெள்ளைப் பெயின்டில் ஓர் எண். பெரும்பாலான ஆணிகளில் எண் பொறித்த வட்டமான பித்தளைப் பில்லை தொங்கியது. சில ஆணிகள் காலி.

என் பிரிவில் டிராஃப்ட்ஸ்மனாக இருந்த ஒரு தமிழ் இளைஞர் பக்கத்தில் நின்று கேமராவில் ஃபிலிம் மாட்டிக்கொண்டிருந்தார். "இது என்னப்பா?" என்றேன்.

"ஆக்சிடென்ட்ல உள்ளேயே போயிட்டவங்க சார். அவங்க ஞாபகமா வெச்சிருக்காங்களாம்" என்றார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இத்தனை பேரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது வரிசையில் 714 தொங்கியது.

இன்று இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. நாளை திங்கட்கிழமை. செத்தவர்களின் பலகையில் நான் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிறேன். நான் விஞ்ஞானம் படித்தவன். ஜாதகம் பார்க்கிறவர்களைக் கேலி செய்தவன். ஆனாலும் அந்தப் பில்லையை அங்கே விட்டுவிட்டு வெளியே போக என்னால் முடியவில்லை. வெளியே சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்று குரல் வந்து எல்லோரும் போனார்கள். சாவிக்காரரும் அவர்கள் பின்னால் போனார். நான் பில்லையைக் கழற்றி கைக்குட்டையில் சுற்றி பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பஸ்ஸில் ஏறினேன். திரும்பி வரும் வழியெல்லாம் பை தொடையில் கனத்தது.

திங்கட்கிழமை டாக்டர் இரண்டாவது படத்தைப் பார்த்தார். "முதல் ஃபிலிம்ல ஏதோ கோளாறு. உங்களுக்கு ஒண்ணுமில்லை, இருமலுக்கு மருந்து எழுதறேன்" என்றார். நான் என்ன நினைத்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். பில்லையை எடுத்ததால் தப்பித்தேன் என்று நினைத்தேன். அதை என் சவரப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். மனைவி ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்ன, ஃபேக்டரியில புதுசா பில்லை குடுத்திருக்காங்களா?" என்றாள். "பழசு" என்றேன்.

சங்கராந்தி கழிந்து ஒரு நாள் கேன்டீனில் டிராஃப்ட்ஸ்மன் என் எதிரே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் எடுத்த போட்டோக்களைக் கொடுக்க அந்த ஊருக்குப் போய் வந்தாராம்.

"சார், நம்ம ஆளுங்க பண்ணின கூத்தைக் கேளுங்க. அந்தப் பலகையில ஒரு பில்லையை எவனோ லவட்டிட்டான்."

"நம்ம ஆளுங்கதான்னு எப்படித் தெரியும்?"

"நாம போனதுக்கும் தசராவுக்கும் நடுவுல யாருமே போகலையாம். அதைவிட இன்னொண்ணு. நான் உங்ககிட்ட அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். தொங்குறவங்க செத்தவங்க இல்ல சார். காலி ஆணிதான் செத்தவங்க."

பிறகு நிதானமாக விளக்கினார். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் பில்லையைப் பலகையிலிருந்து கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவான். மேலே வந்ததும் திரும்ப ஆணியில் மாட்டுவான். ஷிஃப்ட் முடிந்து ஓர் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், தேடப் போவார்கள். சுரங்கத்தை மூடிய அன்று, இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் பில்லையைக் கடைசியாக ஒருமுறை மாட்டினார்கள். பழைய விபத்துகளில் போனவர்களின் ஆணிகளை மட்டும் அப்படியே காலியாக விட்டார்கள். ஒவ்வொரு தசரா அன்றும் ஊர்ப் பெண்கள் பூக்கூடையோடு வந்து காலி ஆணி ஒவ்வொன்றிலும் ஒரு பந்திப்பூவை, நம் செண்டுமல்லியை, செருகிக் கும்பிட்டுப் போவார்கள்.

"இந்தத் தசராவுக்கு ஒரு பெரியவர், ரிடையர் ஆன சுரங்கத் தொழிலாளி, பெண்டாட்டியோட வந்து நின்னுட்டிருக்கார். பொம்பளைங்க வரிசையாப் பூ வெச்சுட்டே வந்து அவர் ஆணியிலயும் வெச்சுட்டாங்க. மனுஷன் அங்கேயே நிக்கறார் சார், குத்துக்கல்லாட்டம். பெண்டாட்டி அலறிட்டாளாம்." டிராஃப்ட்ஸ்மன் சிரித்தார். "இப்ப ஊர்ல எல்லாரும் அவரைப் பார்த்து, 'சுரங்கத்துலேருந்து மேல எப்ப வந்தே?'ன்னு கேக்கறாங்களாம்."

"என்ன நம்பராம்?" என்றேன்.

"சொன்னாங்க, மறந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் கேன்டீன் பையன் பில் புத்தகத்தோடு வந்து, "நம்பர் சார்?" என்றான். நான் என் எண்ணைச் சொல்லிவிட்டு டிராஃப்ட்ஸ்மன் முகத்தைப் பார்த்தேன். அவர் மோரில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அன்றே போய் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம் அடுத்த மாதம் இருந்தது. திருட்டு என்று ஒரு பேச்சு எழுந்தால் விஜிலன்ஸ் பிரிவு கூப்பிடும். கூப்பிட்டாலே போதும், பதவி உயர்வு போய்விடும். இன்டர்காம் அடித்தால் பக்கத்து ஆளை எடுக்கச் சொல்வேன். டிராஃப்ட்ஸ்மன் யாரோடாவது தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். பில்லையை ஹுசேன் சாகரில் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் கரைவரை போனேன். ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள் என்று திரும்பிவிட்டேன். ஆட்கள் இல்லாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ.

பதவி உயர்வு வந்தது. அதன்பிறகுதான் கோடையில் ஒரு நாள், டோர்னக்கல்லில் வண்டி மாறி அந்த ஊருக்குத் தனியாகப் போனேன். யாருக்கும் தெரியாமல் பில்லையை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவது என் திட்டம். சாவிக்காரர் அசையவில்லை. "இப்ப யாருக்கும் திறக்கிறதில்லை. ஆபீசர்கள் வந்து பார்த்த லட்சணம் போதும்" என்றார் தெலுங்கில். அந்தப் பெரியவர் எங்கே என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். ஹைதராபாத்துக்குப் போய்விட்டார் என்றார். பெண்டாட்டி இந்த ஊரில் இனி ஒரு ராத்திரி தங்கமாட்டேன் என்று குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டாள். மகள் வீட்டில் இருக்கிறார்கள். மருமகன் போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காய வியாபாரம்.

போவன்பள்ளி மார்க்கெட் என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். ஞாயிறுதோறும் நான் காய் வாங்கும் இடம்.

அடுத்த ஞாயிறு போனேன். வெங்காய மண்டிக்கு முன்னால் தரையில் சாக்கு விரித்துக் காய் விற்றுக்கொண்டிருந்த அம்மாளை எனக்கு முகம் தெரியும். அவளிடம் கொத்தவரங்காய் வாங்கியிருக்கிறேன். தமிழ் பேசுவாள் என்பதால்தான் அவளிடம் போவேன். அவள்தான் அந்தப் பெரியவரின் மனைவி என்று மண்டியில் சொன்னார்கள். அவர்கள் இருவரின் குடும்பங்களும் வட ஆற்காட்டிலிருந்து ரயில் பாதை போட வந்து, பிறகு கரிச் சுரங்கத்துக்குப் போனவை என்று பின்னால் தெரிந்தது.

"வா சாரு, இன்னா வேணும்?"

"காய் வாங்க வரலைம்மா. உங்க வீட்டுக்காரரைப் பார்க்கணும்."

"அவரு இன்னா செஞ்சாரு?"

"அவர் ஒண்ணும் செய்யலை. நான்தான் செஞ்சேன்."

உள்ளே மூட்டைகளுக்கு நடுவே அழுகல் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார் அவர். ஒல்லியான ஆள், மூச்சு விடும்போது விசில் சத்தம். நான் கைக்குட்டையைப் பிரித்துப் பில்லையை நீட்டினேன். அவர் கையை லுங்கியில் துடைத்தார். ஆனால் தொடவில்லை.

"எங்க கெடச்சுது?"

"கிடைக்கலை. நான் எடுத்தேன்."

"கைக்கு?" என்றார். ஏன் என்பதற்கு ஹைதராபாத் பேச்சு அது.

எக்ஸ்ரேயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் ஸ்டாஃப் நம்பரும் அதுதான் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. "ஹவ், சரிதான். நீ சாவக் கூடாதுன்னு என்னை சாவடிச்சுட்டே" என்றார்.

"சிரி" என்றாள் அவர் மனைவி. "வூட்டை வுட்டு, ஆட்டை வித்து, இந்த நாத்தத்துல வந்து குந்தினுகிறோம். நல்லா சிரி."

"எவனோ எடுத்துகினு போயிட்டான்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டியா நீ? புதுசா ஒண்ணு வெட்டி மாட்டறேன்னு சாவிக்காரன்கூட சொன்னான்."

"டூப்பு மாட்டினா எமனுக்குத் தெரியாதா" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்போ அது தானா வுழலியா?"

"இல்லம்மா."

"சாமி எடுக்கலியா?"

"நான்தான் எடுத்தேன்."

அவள் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். வாசலில் யாரோ கத்தரிக்காய் விலை கேட்டார்கள். அவள் கையை ஆட்டி அனுப்பினாள். நான் பில்லையை அவள் பக்கம் நகர்த்தி, "நீங்களே எடுத்துட்டுப் போய் மாட்டிடுங்க, வழிச்செலவு நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"நக்கோ, வேணாம். நாங்க மாட்டினா, கெழவி எங்கியோ பண்ணிகினு வந்துட்டான்னுவாங்க. பூவை எல்லார் எதிர்லயும் வெச்சாங்க. எல்லார் எதிர்லயும் நீ வந்து சொல்லு. தசராவுக்கு வா."

தசரா அன்று எங்கள் மன்றத்தினரும் போவதாக இருந்தது. டிராஃப்ட்ஸ்மன்தான் கூட்டிப்போகிறார். "வேற ஒரு நாள் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வேற நாள்ல அங்க யாரு இருப்பா? நாயி இருக்கும். நாய்கிட்ட சொல்லு."

தசராவுக்கு முன்தினம் மனைவியிடம் சொன்னேன். "ஒரு வருஷமா அதைப் பக்கத்துல வெச்சுண்டா சவரம் பண்ணிண்டீங்க?" என்றாள். காலையில் மூன்று பேருக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். ரயிலில் பெரியவரும் நானும் சாப்பிட்டோம். அவர் மனைவி பொட்டலத்தைத் தொடாமல் மடியில் வைத்திருந்தாள்.

விளக்கு அறையில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். எங்கள் மன்றத்தினர் ஒரு பக்கமாக நின்றார்கள். பெரியவரைப் பார்த்ததும் கூட்டம் விலகியது. என் தெலுங்கு தொழிற்சாலைத் தெலுங்கு; அதட்டவும் வேலை வாங்கவும்தான் அது பழக்கம். அதில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொற்கள் கிடைக்காமல் தடுமாறினேன். பலகையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், பயந்தேன், எடுத்தேன், தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று சொன்னேன். சாவிக்காரர், "வெயில் காலத்தில் வந்து ரூமைத் திறக்கச் சொன்னது இவன்தான்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "ஆபீசருக்குத் தன் உயிர் மட்டும் வெல்லம்" என்றார். சிலர் சிரித்தார்கள். டிராஃப்ட்ஸ்மன் கேமராவை மெல்ல இறக்கிப் பைக்குள் வைத்தார்.

பெரியவர் என் கையிலிருந்து பில்லையை வாங்கி, கழுத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டு, பிறகு கழற்றி ஆணியில் தொங்கவிட்டார். போன வருடம் அவர் ஆணியில் பூ வைத்த அம்மாள் வந்து அவர் காலைத் தொட்டாள். பெண்கள் பூ வைக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரிசை வந்ததும் ஒவ்வோர் ஆணியையும் குனிந்து பார்த்து வைத்தார்கள்.

தொழிற்சாலையில் விஜிலன்ஸ் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் கதை பரவியது. கேன்டீனில் என் நம்பரைச் சொன்னால் பக்கத்து மேசையில் ஒரு முறுவல் ஓடும். ஓய்வு பெறும்வரை ஓடியது. டிராஃப்ட்ஸ்மன் அதன்பிறகு என் எதிரே வந்து உட்காரவில்லை. இதெல்லாம் எனக்கு வர வேண்டியதுதான்.

நான் எதிர்பார்க்காதது வேறு. அன்று மாலை ரயிலுக்கு நேரமானபோது பெரியவர் எழுந்து வரவில்லை. சாவிக்காரர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை இருந்தது. அங்கே தங்கிக்கொள்கிறேன் என்றார். "மேல வந்துட்டேன். இனிமே அந்த வெங்காயத்துக்கு நடுவுல இன்னாத்துக்கு?" என்றார். அவர் மனைவி மகளின் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தாள். மகளும் மருமகனும் அவளை நம்பித்தான் மண்டிக்குப் போனார்கள், அவளால் தங்க முடியாது. அவர் வழியனுப்ப மட்டும் வந்தார். பிளாட்பாரத்தில் இருவரும் தெலுங்கில் சண்டை போட்டார்கள். வண்டி வந்தது, அவள் ஏறினாள்.

பண்டிகைக்குப் பண்டிகை அவள் போய்ப் பார்த்து வருவாள். நான் ஞாயிறுகளில் மார்க்கெட்டுக்குப் போவதை விடவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். "இருக்காரு" என்பாள். ஒருமுறை கூடுதலாக, "சிங்கம் மாதிரி ஊரைச் சுத்தினு கீறாரு" என்றாள்.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். ஒரு ஞாயிறு அவள் இடத்தில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பா போய்விட்டார் என்றாள் தெலுங்கில். இருமல் அதிகமாகி அங்கேயே முடிந்துவிட்டது. அம்மா கிடைத்த முதல் வண்டியில்தான் போனாளாம், போவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அவள் திரும்பி வந்த பிறகு போய் நின்றேன். வருத்தம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கத்தரிக்காய்களின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்: "நீ அதைக் கொண்டாந்து குடுக்காமயே இருந்திருக்கலாம் சாரு. நான் பயந்துகினே இருந்திருந்தாலும் அவரு என்கூட இருந்திருப்பாரு."

எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துவிட்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.